பட்டனுக்கு எந்த லிசனர்? ஜாவா ஸ்விங்கில் மூன்று வழிகளும் அவற்றின் விலையும்

'சேமி' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் கோப்பு சேமிக்கப்பட வேண்டும். விண்டோ, பட்டன் போன்றவற்றை உருவாக்க ஜாவாவில் உள்ள ஸ்விங் கருவித்தொகுப்பில் இதை எழுத உட்காருபவருக்கு மூன்று வழிகள் உண்டு. (பட்டன் அழுத்தப்படுவது போன்ற நிகழ்வு, அதாவது ஈவென்ட், நடந்ததும் ஓட வேண்டிய நிரலை வைத்திருக்கும் பொருள்தான் லிசனர்.) பட்டனில் ஓர் ஆக்‌ஷன் லிசனரைச் சேர்க்கலாம். அப்ஸ்ட்ராக்ட் ஆக்‌ஷன் ஒன்றை எழுதிப் பட்டனிடம் ஒப்படைக்கலாம். மவுஸ் லிசனரைச் சேர்த்து, 'மவுஸ் கிளிக்டு' மெத்தடுக்குள் வேலையை வைக்கலாம்.

மூன்றையும் ஓட்டிப் பார்த்தால் மூன்றிலும் கோப்பு சேமிக்கப்படும். குழப்பமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. எழுதியவர் மவுஸை நிதானமாக நகர்த்தி, பட்டனின் நடுவில் அழுத்திச் சோதிக்கிறார், வித்தியாசம் தெரிவதில்லை. பயனரோ டேப் தட்டி வந்து ஸ்பேஸ்பாரை அழுத்துகிறார், மங்கலாகக் கிடக்கும் பட்டனையும் ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறார், அழுத்திய பிறகு மனம் மாறி விரலை எடுக்காமலே மவுஸை வெளியே இழுக்கிறார். மூன்று வழிகளும் பிரிகிற இடம் அதுதான்.

## எதை வைத்து எடை போடுவது

கீழே வரும் ஒப்பீடு ஆறு கேள்விகளை வைத்து நடக்கிறது.

1. விசைப்பலகையிலும் திரைவாசிப்பான் வழியாகவும் வேலை நடக்குமா?
2. பட்டனை முடக்கினால் வேலையும் நிற்குமா?
3. அழுத்திவிட்டு வெளியே இழுத்தால் ரத்தாகுமா? கை லேசாக நடுங்கினால் அழுத்தம் தவறிப்போகுமா?
4. எந்த மவுஸ் பொத்தான், எந்த இடம், எத்தனை முறை என்ற விவரம் கிடைக்குமா?
5. அதே வேலை மெனுவிலும் கருவிப்பட்டையிலும் இருந்தால் என்ன ஆகும்?
6. எழுதவும் சோதிக்கவும் எவ்வளவு உழைப்பு?

வேகத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. மனிதக் கை அழுத்துகிற வேகத்துக்கு முன்னால் லிசனர்களுக்கு இடையிலான வேக வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

## பட்டனுக்குள் என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

ஸ்விங் பட்டனுக்குப் பின்னால் பட்டன் மாடல் என்று ஒன்று இருக்கிறது. அது சில நிலைகளை ஆம், இல்லை என்று நினைவில் வைத்திருக்கும்: இயங்கும் நிலையில் இருக்கிறதா, அழுத்தப்பட்டிருக்கிறதா, 'ஆர்ம்டு' நிலையில் இருக்கிறதா, மவுஸ் மேலே நிற்கிறதா, தேர்வாகி இருக்கிறதா. ஆர்ம்டு என்பதைத் துப்பாக்கியின் குதிரையை இழுத்து வைத்த நிலை என்று எடுத்துக்கொள்ளலாம். விரலை விட்டால் வெடிக்கும்.

இடது பொத்தானை அழுத்தியதும் ஆர்ம்டு, பிரஸ்டு (அழுத்தப்பட்ட நிலை) இரண்டும் ஆம் ஆகின்றன. பொத்தானை விடாமல் மவுஸை வெளியே இழுத்தால் ஆர்ம்டு மட்டும் இல்லை என்றாகிறது. மறுபடி உள்ளே வந்தால் திரும்பவும் ஆம். பொத்தானை விடும்போது ஆர்ம்டு நிலையில் இருந்தால்தான் ஆக்‌ஷன் ஈவென்ட் பிறக்கும். வெளியே இழுத்து விட்டால் ஒன்றும் நடக்காது; பயனர் மனம் மாறியதைப் பட்டன் புரிந்துகொண்டது என்று அர்த்தம்.

இந்த நிலைகளை மாற்றுவதும் ஒரு மவுஸ் லிசனர்தான். பட்டனின் தோற்றத்தைக் கவனிக்கும் லுக் அண்ட் ஃபீல், பட்டன் உருவாகும்போதே தன் லிசனரை அதில் பொருத்திவிடுகிறது. ஸ்பேஸ்பார், ஆல்ட் விசையுடன் சேரும் நிமோனிக் எழுத்து, என்டர் விசைக்கு உரிய டீஃபால்ட் பட்டன், நிரலே பட்டனை அழுத்தும் 'டூ கிளிக்' மெத்தட் என்று எல்லாப் பாதைகளும் இதே மாடலில் வந்து சேருகின்றன. ஆக, நாமே பட்டனில் ஒரு மவுஸ் லிசனரை மாட்டுவது, ஏற்கெனவே சரியாக நடக்கும் வேலையை அரைகுறையாக இன்னொரு முறை செய்வதாகும்.

| கேள்வி | ஆக்‌ஷன் லிசனர் | அப்ஸ்ட்ராக்ட் ஆக்‌ஷன் | பட்டனில் மவுஸ் லிசனர் |
|---|---|---|---|
| ஸ்பேஸ்பார், நிமோனிக், திரைவாசிப்பான் | நடக்கும் | நடக்கும் | நடக்காது |
| முடக்கினால் நிற்குமா | நிற்கும் | நிற்கும்; மெனுவும் சேர்ந்து மங்கும் | நிற்காது |
| வெளியே இழுத்தால் ரத்து | ஆகும் | ஆகும் | எந்த மெத்தட் என்பதைப் பொறுத்தது |
| கை நடுக்கத்தைத் தாங்குமா | தாங்கும் | தாங்கும் | 'மவுஸ் கிளிக்டு' தாங்காது |
| வலது பொத்தான், இடம், எண்ணிக்கை | இல்லை | இல்லை | உண்டு |
| ஒரே வேலை பல இடங்களில் | ஒவ்வொன்றையும் தனியாகக் கவனிக்க வேண்டும் | ஒரே பொருள் போதும் | பெரும் சிரமம் |
| எழுதும் அளவு | ஒரு வரி லாம்ப்டா (பெயரில்லாத சிறு செயல்) | சுமார் 10 வரி | ஒரு க்ளாஸ் |
| சோதனை | 'டூ கிளிக்' போதும் | நேரடியாகவே அழைக்கலாம் | மவுஸை நிரலால் இயக்கும் ரோபோ க்ளாஸ் அல்லது செயற்கை ஈவென்ட் |

## ஆக்‌ஷன் லிசனர்

ஐயம் இருந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு மெத்தட் உள்ள இன்டர்ஃபேஸ் என்பதால் 2014இல் ஜாவா 8 வந்தது முதல் ஒரு வரி லாம்ப்டாவில் எழுதிவிட முடிகிறது. பாடப்புத்தகங்களில் இன்னும் உலாவும் பழைய பாணி வேறு: விண்டோ க்ளாஸே ஆக்‌ஷன் லிசனரை இம்ப்ளிமென்ட் செய்து, ஒரே மெத்தடுக்குள் எந்தப் பட்டன் என்று சொல்லும் 'கெட் சோர்ஸ்' வைத்து நீளமான இஃப்-எல்ஸ் ஏணி கட்டுவது. மூன்று பட்டன் வரை அது தாங்கும். பத்தாவது பட்டனில் எந்தப் பட்டனுக்கு எந்தக் கிளை என்று தேடுவதே தனி வேலையாகிவிடும். பட்டனுக்கு ஒரு லாம்ப்டா, அது அழைக்கும் பெயருள்ள ஒரு மெத்தட் என்று பிரித்து வைப்பதே நல்லது.

அந்த ஏணியின் இன்னொரு வடிவம் 'கெட் ஆக்‌ஷன் கமாண்ட்' தரும் சரத்தை ஒப்பிடுவது. தமிழ் இடைமுகம் செய்பவர்கள் இங்கே தவறாமல் அடிபடுவார்கள். ஆக்‌ஷன் கமாண்டை நீங்களே அமைக்கவில்லை என்றால் பட்டனின் மேலுள்ள எழுத்தே கமாண்டாகப் போகும். ஆங்கிலத்தில் இருந்த எழுத்தை 'சேமி' என்று மாற்றிய அன்றே ஒப்பீடு தோற்கும். பிழைச் செய்தியும் வராது. பட்டன் அமுங்கும், எழும்பும், அவ்வளவுதான். கமாண்டை ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் 'செட் ஆக்‌ஷன் கமாண்ட்' மூலம் மொழி மாறினாலும் மாறாத ஒரு சரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் வேறு மாதிரி நடக்க வேண்டும் என்பதற்காக மவுஸ் லிசனருக்குப் போகிறவர்கள் உண்டு. தேவையில்லை. ஆக்‌ஷன் ஈவென்டின் 'கெட் மாடிஃபையர்ஸ்' ஷிஃப்ட், கன்ட்ரோல் நிலையைச் சொல்லிவிடும்.

### மறைந்திருக்கும் செலவு: இரண்டு முறை ஓடுவது

பயனர் பதற்றத்தில் பட்டனை இரண்டு முறை தட்டினால் இரண்டு ஆக்‌ஷன் ஈவென்ட்கள் வரும். பணம் செலுத்தும் பட்டனிலும் பதிவை நீக்கும் பட்டனிலும் இது வேடிக்கை இல்லை. பலரும் எழுதும் தீர்வு: லிசனரின் முதல் வரியில் பட்டனை முடக்கு, வேலையைச் செய், கடைசி வரியில் திரும்ப இயக்கு. பார்க்கச் சரியாக இருக்கிறது. ஆனால் வேலை செய்யாது.

காரணம் இது. எல்லா லிசனர்களும் ஈவென்ட் டிஸ்பேட்ச் த்ரெட் என்ற ஒரே த்ரெட்டில் (நிரல் ஓடும் ஓர் இழையில்) ஓடுகின்றன. உங்கள் வேலை 3 விநாடி எடுத்தால் அந்த 3 விநாடியும் திரை உறைந்து நிற்கும். அதற்குள் பயனர் தட்டிய இரண்டாவது தட்டு வரிசையில் காத்திருக்கும். லிசனர் முடிந்து, கடைசி வரி பட்டனை இயக்கிய பிறகுதான் அந்தத் தட்டை அந்த த்ரெட் வரிசையிலிருந்து எடுத்துப் பார்க்கும். அப்போது பட்டன் விழித்துக்கொண்டுதானே இருக்கிறது? வேலை மறுபடியும் ஓடும்.

சரியான முறை:

1. லிசனரில் பட்டனை முடக்குங்கள்.
2. நீண்ட வேலையை, வேறு த்ரெட்டில் வேலையை ஓட்டும் ஸ்விங் வொர்க்கரின் 'டூ இன் பேக்கிரவுண்ட்' மெத்தடில் வைத்து ஓட விடுங்கள். லிசனர் உடனே முடிந்துவிடும்.
3. வொர்க்கரின் 'டன்' மெத்தடில் பட்டனை இயக்குங்கள். அது டிஸ்பேட்ச் த்ரெட்டிலேயே ஓடும் என்பதால் திரையைத் தொடலாம்.
4. அதே 'டன்' மெத்தடில் 'கெட்' என்பதையும் அழையுங்கள். அழைக்காவிட்டால் பின்னணியில் எழுந்த விதிவிலக்கு சத்தமில்லாமல் விழுங்கப்பட்டுவிடும். கோப்பு சேமிக்கப்படவில்லை என்பதே யாருக்கும் தெரியாது.

இரண்டாவது தட்டு வரும்போது பட்டன் முடங்கியிருக்கும், தட்டு வீணாகும். வேலை சிறியது, இரட்டைத் தட்டு மட்டும்தான் தொல்லை என்றால் பட்டனிலேயே ஒரு வசதி இருக்கிறது: 'செட் மல்ட்டி கிளிக் த்ரெஷோல்டு'. அதற்கு 400 என்று கொடுத்தால், முந்தைய அழுத்தத்திலிருந்து 400 மில்லி விநாடிக்குள் வரும் அடுத்த அழுத்தம் கண்டுகொள்ளப்படாது. நிரலில் தேடும்போது கவனம்: அந்த மெத்தட் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டில் 'எச்' ஒன்று கூடுதலாக விழுந்து, அப்படியே நிலைத்தும்விட்டது. சரியான எழுத்துக்கூட்டில் அடித்தால் கம்பைலர் ஏற்காது.

### எப்போது இது போதாது

ஒரு பட்டனுக்கு இரண்டு ஆக்‌ஷன் லிசனர் சேர்த்து, முதலில் சேர்த்தது முதலில் ஓடும் என்று நம்ப வேண்டாம். இன்றைய ஸ்விங்கில் கடைசியாகச் சேர்த்ததே முதலில் ஓடுகிறது. வரிசை முக்கியமென்றால் ஒரே லிசனருக்குள் இரண்டு மெத்தடை அடுத்தடுத்து அழையுங்கள்.

அதே வேலை மெனுவுக்கும் வருகிற நாளில்தான் அடுத்த வழி தேவைப்படும்.

## அப்ஸ்ட்ராக்ட் ஆக்‌ஷன்

ஒரு வேலை, அதன் பெயர், படம், குறிப்பு வாசகம், குறுக்கு விசை, இப்போது செய்யலாமா கூடாதா என்ற நிலை, எல்லாம் ஒரே மூட்டையில். 'சேமி' மெனுவில் இருக்கிறது, கருவிப்பட்டையில் படமாக இருக்கிறது, கன்ட்ரோல் எஸ் குறுக்கு விசையிலும் இருக்கிறது என்று வையுங்கள். ஆக்‌ஷன் லிசனரில் செய்திருந்தால், கோப்பில் மாற்றம் இல்லாதபோது மூன்று இடங்களிலும் போய் முடக்க வேண்டும். ஓரிடம் மறந்தால் மெனு மங்கியிருக்கும், பட்டன் பளிச்சென்று இருக்கும். அப்ஸ்ட்ராக்ட் ஆக்‌ஷனில் 'செட் எனேபிள்டு' ஒரே முறை. அதைப் பயன்படுத்தும் எல்லாம் தாமாகவே மங்கும்.

தமிழ், ஆங்கிலம் என இரு மொழியில் ஓடும் மென்பொருளுக்கு இது இன்னும் உதவும். ஆக்‌ஷனின் பெயரை ஓரிடத்தில் மாற்றினால் மெனுவிலும் பட்டனிலும் எழுத்து மாறிவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கும் உண்டு.

பட்டனின் பழைய அமைப்பு அழியும். பட்டனுக்கு எழுத்து, படம், குறிப்பு வாசகம் எல்லாம் வைத்துவிட்டுக் கடைசியில் 'செட் ஆக்‌ஷன்' அழைத்தால், ஆக்‌ஷனில் உள்ளவை அவற்றின் மேல் எழுதப்படும். ஆக்‌ஷனுக்குப் பெயரே இல்லையென்றால் பட்டன் எழுத்தில்லாமல் வெறுமையாகத் தெரியும். முதலில் ஆக்‌ஷன், பிறகு அந்தப் பட்டனுக்கு மட்டுமான மாற்றங்கள், இதுதான் வரிசை.

குறுக்கு விசை பட்டனில் எடுபடாது. ஆக்‌ஷனில் ஆக்ஸலரேட்டர் கீ கொடுத்தால் மெனு உருப்படி அதை எடுத்துக்கொள்ளும். பட்டன் எடுத்துக்கொள்ளாது. மெனுபாரில் அதே ஆக்‌ஷன் இருந்தால் கவலை இல்லை. குறுக்கு விசை நடக்கும். மெனுவே இல்லாத சின்ன விண்டோவில், விண்டோவின் அடித்தளமான ரூட் பேனின் இன்புட் மேப்பில் விசையையும் ஒரு பெயரையும், ஆக்‌ஷன் மேப்பில் அந்தப் பெயரையும் ஆக்‌ஷனையும் சேர்க்க வேண்டும். இன்புட் மேப்பை எடுக்கும்போது 'வென் இன் ஃபோகஸ்டு விண்டோ' என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். வகை சொல்லாமல் எடுத்தால், அந்தக் காம்பொனென்ட்டில் (பட்டன், பேனல் போன்ற திரை உறுப்பில்) ஃபோகஸ் இருக்கும்போது, அதாவது விசைப்பலகை அதைக் குறிவைத்திருக்கும்போது மட்டும்தான் விசை எடுபடும். மேக் கணினியில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை என்பதால், கன்ட்ரோலை நேரடியாக எழுதாமல் டூல்கிட்டிடம் மெனு குறுக்கு விசைக்கான மாஸ்க்கைக் கேட்டு வாங்குவது நல்லது.

படம் இரண்டு. 'ஸ்மால் ஐகான்' மெனுவுக்கு. 'லார்ஜ் ஐகான் கீ' பட்டனுக்கு. இரண்டாவது இல்லையென்றால் பட்டனும் சிறிய படத்தையே எடுக்கும். கருவிப்பட்டையின் 'ஆட்' மெத்தடுக்கு ஆக்‌ஷனை நேரடியாகக் கொடுத்தால், படம் உள்ள ஆக்‌ஷனுக்கு எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் காட்டும். நாமே பட்டன் உருவாக்கிச் சேர்த்தால் 'செட் ஹைட் ஆக்‌ஷன் டெக்ஸ்ட்' அழைக்க மறக்கக் கூடாது.

ஒரு உரையாடல் பெட்டியில் 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டே பட்டன் இருந்தால் அப்ஸ்ட்ராக்ட் ஆக்‌ஷன் தேவையில்லாத சுமை. மெனுபார் உள்ள எந்த மென்பொருளுக்கும், முதல் நாளிலிருந்தே இதில் தொடங்குவது லாபம். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஆக்‌ஷன் லிசனரில் நாற்பது வேலைகளை எழுதியவர்கள் பெரும்பாலும் மாற்றுவதே இல்லை.

## மவுஸ் லிசனர்

இதை இரண்டாகப் பிரித்துத்தான் பேச வேண்டும். பட்டன் மேல் வைப்பது ஒன்று, நாமே வரைகிற பேனல் மேல் வைப்பது இன்னொன்று.

### பட்டன் மேல்: ஏன் கூடாது

முடக்கிய பட்டனுக்கும் மவுஸ் ஈவென்ட் வரும். ஸ்விங் காம்பொனென்ட்டை முடக்குவது மவுஸ் ஈவென்டைத் தடுக்காது என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது. முடக்கிய பட்டன் ஆக்‌ஷன் ஈவென்ட் தராததற்குக் காரணம், மாடல் அதைத் தடுப்பதுதான். மவுஸ் லிசனர் மாடலைக் கேட்பதில்லை. மங்கலாகக் கிடக்கும் 'நீக்கு' பட்டனைத் தட்டியதும் பதிவு காணாமல் போகும் பிழைகளுக்கு இதுவே வழக்கமான காரணம்.

'மவுஸ் கிளிக்டு' வர, அழுத்திய இடமும் விட்ட இடமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எவ்வளவு அசைவைப் பொறுக்கும் என்பது இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும். டிராக்பேடிலும், கை நடுங்கும் முதியவர்களுக்கும், அவசரக்காரர்களுக்கும் சில அழுத்தங்கள் பலிக்காது. பட்டன் அமுங்கி எழுந்ததைப் பயனர் கண்ணால் பார்த்திருப்பார், வேலை நடந்திருக்காது. "சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்யவில்லை" என்ற புகார் வந்தால் முதலில் இங்கே தேடுங்கள்.

சரி, 'மவுஸ் ரிலீஸ்டு' வைக்கலாமே என்றால், அது வெளியே இழுத்து விட்டாலும் வரும். ரத்து செய்யும் வழி போய்விடும். 'மவுஸ் பிரஸ்டு' வைத்தால் விரல் பட்டதுமே வேலை முடிந்துவிடும். மூன்று மெத்தடுமே வலது பொத்தானுக்கும் நடுப் பொத்தானுக்கும் ஓடும். நாமே வடிகட்ட வேண்டும். ஸ்பேஸ்பாருக்கு மூன்றும் ஓடாது. திரைவாசிப்பான் பட்டனை இயக்கும்போது 'டூ கிளிக்' வழியாக மாடலுக்குத்தான் போகிறது. மவுஸ் ஈவென்ட் அங்கே பிறப்பதே இல்லை. பார்வையற்ற பயனருக்கு அந்தப் பட்டன் வெறும் ஓவியம்.

### வரையும் பேனல் மேல்: இதைத் தவிர வழியில்லை

படம் வரைவது, வரைபடத்தை இழுப்பது, சதுரங்கக் கட்டத்தில் காயை நகர்த்துவது. இங்கெல்லாம் இடம்தான் செய்தி. ஆக்‌ஷன் ஈவென்ட் இடத்தைச் சொல்லாது.

மவுஸ் லிசனரில் 5 மெத்தட்கள், நகர்வுக்கான மவுஸ் மோஷன் லிசனரில் 2, சக்கரத்துக்கு 1. எட்டையும் வெறுமையாக நிரப்பி வைத்திருக்கும் மவுஸ் அடாப்டர் க்ளாஸை நீட்டித்து, தேவையானதை மட்டும் எழுதலாம். கவனிக்க வேண்டியவை இரண்டு. ஓவர்ரைடு குறியைப் போடுங்கள். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் அது புதிய மெத்தடாகிவிடும், யாரும் அழைக்கமாட்டார்கள், கம்பைலரும் வாயைத் திறக்காது. அடுத்து, அடாப்டர் ஒன்றுதான் என்றாலும் பதிவு தனித்தனி: 'ஆட் மவுஸ் லிசனர்', 'ஆட் மவுஸ் மோஷன் லிசனர்' இரண்டையும் அழைத்தால்தான் இழுப்பு வேலை செய்யும். அழுத்தினால் வருகிறது, இழுத்தால் வரவில்லை என்று திகைப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதை விட்டவர்கள்.

இழுப்பில் வழுக்கும் இடங்கள்:

- பேனலுக்குள் அழுத்தி வெளியே இழுத்தாலும் ஈவென்ட்கள் அதே பேனலுக்கே வரும். ஆயத்தொலைவு மைனஸில் போகலாம், அகலத்தைத் தாண்டலாம். அதை அப்படியே வரிசை எண்ணாக்கி அணியில் தேடினால் நிரல் விழும்.
- இழுக்கும்போது 'மவுஸ் மூவ்டு' வராது. 'மவுஸ் டிராக்டு' மட்டுமே வரும். இரண்டிலும் இடத்தைப் புதுப்பியுங்கள்.
- இழுப்பு ஈவென்டில் 'கெட் பட்டன்' எந்தப் பொத்தானையும் சொல்லாது. ஸ்விங் யுடிலிட்டீஸ் க்ளாஸின் 'இஸ் லெஃப்ட் மவுஸ் பட்டன்' மெத்தடைக் கேளுங்கள்.
- வேகமாக இழுத்தால் நடுவிலுள்ள இடங்கள் எல்லாம் வராது. வரிசையில் தேங்கும் நகர்வுகளை ஜாவா ஒன்றாகச் சேர்த்துவிடும். புள்ளி புள்ளியாக வரைந்தால் கோடு விட்டுவிட்டுத் தெரியும். முந்தைய இடத்திலிருந்து இப்போதைய இடத்துக்குக் கோடு போடுங்கள்.

இனி, மணிக்கணக்கில் நேரத்தைத் தின்னும் ஒன்று. ஒரு பேனலில் மவுஸ் லிசனர் வைத்து, உள்ளே ஒரு லேபிளும் வைத்திருக்கிறீர்கள். லேபிள் மேல் தட்டினாலும் பேனலின் லிசனர் ஓடுகிறது. ஒரு நாள் லேபிளுக்கு டூல்டிப் வாசகம் சேர்க்கிறீர்கள். அன்றிலிருந்து லேபிள் மேல் தட்டினால் எதுவும் நடப்பதில்லை. மவுஸ் ஈவென்ட், அந்த இடத்தில் ஆக ஆழத்தில் இருக்கும், மவுஸ் லிசனர் உள்ள காம்பொனென்ட்டுக்கு மட்டுமே போகும். அங்கிருந்து, அதைத் தாங்கும் தாய் காம்பொனென்ட்டுக்கு ஏறாது. டூல்டிப் வைத்ததும் டூல்டிப் மேனேஜர் லேபிளில் தன் மவுஸ் லிசனரை மாட்டிவிட்டது. லேபிளிலும் உங்கள் லிசனரைச் சேர்த்து, இடத்தை 'கன்வர்ட் பாயின்ட்' மூலம் பேனலின் கணக்குக்கு மாற்றிக்கொள்வதே எளிய வழி.

சக்கர ஈவென்ட் இதற்கு நேர்மாறு: லிசனர் இல்லாத காம்பொனென்ட்டிலிருந்து மேலே ஏறும். அதனால்தான் ஸ்க்ரோல் பேனுக்குள் எதை வைத்தாலும் உருள்கிறது. பெரிதாக்கிக் காட்ட உள்ளே ஒரு சக்கர லிசனர் சேர்த்த நொடியில் உருள்வது நின்றுவிடும். கன்ட்ரோல் பிடித்திருந்தால் பெரிதாக்கு, இல்லையென்றால் ஈவென்டைத் தாய் காம்பொனென்ட்டுக்கு அனுப்பு என்று எழுதுங்கள்.

## இரண்டும் தேவைப்படும் இடங்கள்

பட்டனில் வலது கிளிக் மெனு. இடது அழுத்தத்துக்கு ஆக்‌ஷன் லிசனர். வலதுக்கு 'செட் காம்பொனென்ட் பாப்அப் மெனு'. மவுஸ் லிசனரில் வலது பொத்தானைத் தேடி எழுதினால், விண்டோஸில் மெனு பொத்தானை விடும்போது வரவேண்டும், லினக்ஸிலும் மேக்கிலும் அழுத்தும்போது வரவேண்டும் என்ற தலைவலி சேரும். எழுதியே தீரவேண்டும் என்றால் 'இஸ் பாப்அப் ட்ரிகர்' சோதனையை 'மவுஸ் பிரஸ்டு', 'மவுஸ் ரிலீஸ்டு' இரண்டிலும் வையுங்கள்.

அழுத்திப் பிடித்தால் எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். மவுஸ் பிரஸ்டில் டைமரைத் தொடங்கி ரிலீஸ்டில் நிறுத்துவது பலரும் எழுதுவது. இதைவிட, மாடலின் நிலை மாறும்போதெல்லாம் ஓடும் ஒரு சேஞ்ச் லிசனர் சிறந்தது: ஆர்ம்டு, பிரஸ்டு இரண்டும் ஆம் என்றால், டைமர் ஓடாதபோது முதல் எண்ணை ஏற்றி டைமரைத் தொடங்கு, இல்லையேல் நிறுத்து. முதல் தாமதம் 400, அடுத்தடுத்து 80 மில்லி விநாடி வைத்தால் கைக்கு இதமாக இருக்கும். வெளியே இழுத்தால் நிற்கும், ஸ்பேஸ்பாரைப் பிடித்தாலும் ஓடும், முடக்கினால் தொடங்காது. மூன்றுக்கும் தனியாக ஒரு வரி எழுத வேண்டியதில்லை. ஆனால் சேஞ்ச் லிசனரைச் சாதாரண 'சேமி' வேலைக்கு வைத்துவிடாதீர்கள். ஒரே கிளிக்குக்கு அது குறைந்தது 4 முறை ஓடும். மவுஸ் மேலே கடந்து போனாலும் ஓடும்.

ஒற்றைக் கிளிக்குக்கு ஒன்று, இரட்டைக் கிளிக்குக்கு வேறொன்று. இரட்டைக் கிளிக்கில் முதலில் எண்ணிக்கை 1 என்று ஓர் ஈவென்ட் வரும், பிறகு 2 என்று இன்னொன்று. ஒற்றைக் கிளிக் வேலையைத் தள்ளிவைத்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். அதற்கான நேரத்தை டூல்கிட்டிடம் கேட்கலாம், கிடைக்காவிட்டால் 500 மில்லி விநாடி. ஆக ஒவ்வொரு ஒற்றைக் கிளிக்கும் அரை விநாடி மந்தமாகத் தெரியும். 'தேர்ந்தெடு', 'திற' போல இரண்டாவது முதலாவதன் தொடர்ச்சியாக இருந்தால் தள்ளிவைக்கவே வேண்டாம். பட்டன் மேல் இரட்டைக் கிளிக் கேட்பது வடிவமைப்பிலேயே தவறு.

செக் பாக்ஸ், ரேடியோ பட்டன். பயனர் தட்டியதை மட்டும் அறிய ஆக்‌ஷன் லிசனர். நிரலே 'செட் செலக்டட்' அழைத்து மாற்றியதையும் அறிய ஐட்டம் லிசனர். அமைப்புகளைக் கோப்பிலிருந்து படித்துத் திரையில் ஏற்றும்போது ஐட்டம் லிசனர் விழித்து, படித்ததையே திரும்ப எழுதத் தொடங்குவது வழக்கமான விபத்து. ரேடியோ குழுவில் ஐட்டம் லிசனர் ஒரு மாற்றத்துக்கு இரண்டு முறை ஓடும்: விலகியதற்கு ஒன்று, தேர்வானதற்கு ஒன்று.

வேறு கருவித்தொகுப்புகளிலும் இதே பிரிவு உண்டு. பைத்தானின் டிகேஇன்டரில் 'கமாண்ட்' என்பதும் 'பைண்ட்' என்பதும் இப்படித்தான். அங்கும் முடக்கிய பட்டனில் 'பைண்ட்' ஓடும். வின்ஃபார்ம்ஸில் 'கிளிக்' ஈவென்ட் விசைப்பலகைக்கும் வரும், 'மவுஸ் கிளிக்' மவுஸுக்கு மட்டும். க்யூட்டியில் அப்ஸ்ட்ராக்ட் ஆக்‌ஷனின் இடத்தில் க்யூஆக்‌ஷன் நிற்கிறது.

## மவுஸ் லிசனரில் எழுதிய பழைய பட்டன்களை மாற்றுவது

1. நிரல் முழுவதும் 'ஆட் மவுஸ் லிசனர்' என்று தேடுங்கள். பட்டன், செக் பாக்ஸ், மெனு உருப்படி மேல் உள்ளவற்றை மட்டும் பட்டியலிடுங்கள். பேனல், அட்டவணை, மரம் இவற்றில் உள்ளதைத் தொடாதீர்கள்.
2. மெத்தடின் உள்ளே இருப்பதைப் பெயருள்ள தனி மெத்தடாக வெளியே எடுங்கள். அதற்குள் ஆயத்தொலைவோ கிளிக் எண்ணிக்கையோ பயன்பட்டிருந்தால் அந்தப் பட்டனைத் தனியாகக் குறித்து வையுங்கள். அது பட்டனாக இருக்க வேண்டியதுதானா என்று யோசிக்க வேண்டும்.
3. மவுஸ் லிசனரை நீக்கிய அதே மாற்றத்தில் ஆக்‌ஷன் லிசனரைச் சேருங்கள். இரண்டும் கொஞ்ச நாள் சேர்ந்திருக்கட்டும் என்று விட்டால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் வேலை இரண்டு முறை நடக்கும்.
4. லேபிளில் படம் வைத்து பட்டன் போலக் காட்டிய இடங்களை உண்மையான பட்டனாக்குங்கள். 'செட் பார்டர் பெயின்டட்', 'செட் கன்டென்ட் ஏரியா ஃபில்டு' இரண்டையும் ஃபால்ஸ் ஆக்கினால் தோற்றம் லேபிள் போலவே இருக்கும். ஃபோகஸ் கோட்டை மட்டும் மறைக்காதீர்கள். விசைப்பலகைப் பயனருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று காட்டுவது அதுதான்.
5. பழைய நிரல் ஓடும் வரிசையை நம்பியிருந்ததா என்று பாருங்கள். ஒரு கிளிக்கில் நம்முடைய மவுஸ் பிரஸ்டு முதலில் வரும். பிறகு ஆக்‌ஷன் ஈவென்ட். அதன் பிறகே நம்முடைய மவுஸ் ரிலீஸ்டு, மவுஸ் கிளிக்டு. லுக் அண்ட் ஃபீலின் லிசனர் நமக்கு முன்பே பதிவாகியிருப்பதால் இப்படி. மவுஸ் ரிலீஸ்டில் ஒரு மாறியை நிரப்பி, அதை ஆக்‌ஷன் லிசனரில் படிக்கும் நிரல் எப்போதும் முந்தைய கிளிக்கின் மதிப்பைத்தான் படிக்கும்.
6. சோதிக்கும்போது மவுஸை ஒதுக்கி வையுங்கள். டேப், ஸ்பேஸ்பார் இரண்டை மட்டும் வைத்து விண்டோ முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். விடுபட்ட பட்டன் தானாகத் தலைகாட்டும்.